வாடகை இயந்திரம், சொந்த முடிவு: கிளவுடில் வங்கிகள்

2020 நவம்பர் 21 அன்று எச்டிஎஃப்சி வங்கியின் முதன்மை டேட்டா சென்டரில் மின்சாரம் போனது. இணைய வங்கிச் சேவையும் பணப் பரிமாற்றமும் முடங்கின. முந்தைய இரண்டு ஆண்டுகளில் அந்த வங்கியின் சேவை இப்படி நின்றது அது முதல் முறை அல்ல. டிசம்பர் 2 அன்று ரிசர்வ் வங்கி ஆணை பிறப்பித்தது: புதிய டிஜிட்டல் திட்டங்களைத் தொடங்கக் கூடாது, புதிய கிரெடிட் கார்டு வாடிக்கையாளர்களைச் சேர்க்கக் கூடாது. கார்டுத் தடை 2021 ஆகஸ்டில் நீங்கியது. டிஜிட்டல் திட்டங்கள் மீதான தடை முழுவதும் விலக 2022 மார்ச் ஆயிற்று. நாட்டின் மிகப் பெரிய தனியார் வங்கி, எட்டு மாதத்துக்கும் மேலாகப் புதியவர் எவருக்கும் கிரெடிட் கார்டு கொடுக்க முடியாமல் இருந்தது. போட்டி வங்கிகளுக்கு அது தானாக அமைந்த வாய்ப்பு.

ஏறக்குறைய மூன்றரை ஆண்டு கழித்து இதே நிலை கோடக் மகிந்திரா வங்கிக்கும் வந்தது. 2024 ஏப்ரல் 24 அன்று, இணையம் வழியாகவும் கைப்பேசி வழியாகவும் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்ப்பதை ரிசர்வ் வங்கி நிறுத்தியது. புதிய கிரெடிட் கார்டுகளுக்கும் தடை. வணிகம் வளர்ந்த அளவுக்குத் தொழில்நுட்பக் கட்டமைப்பை வங்கி வளர்க்கவில்லை என்பது குற்றச்சாட்டின் சாரம். அந்தத் தடை 2025 பிப்ரவரியில்தான் விலகியது.

ஒரு காலத்தில் கணினிப் பிரிவு என்பது வங்கியின் பின்கட்டு. மேலாண்மை திட்டம் தீட்டும், கணினிக்காரர்கள் அதை நிறைவேற்றுவார்கள். மேற்சொன்ன இரண்டு ஆணைகளுக்குப் பிறகு அந்தப் பிரிவினை செல்லாது. சர்வர் தாங்காவிட்டால் வியூகமே நின்றுபோகும். அதனால்தான் இன்று வங்கி இயக்குநர் கூட்டங்களில் மேகக் கணிமை, அதாவது கிளவுட், செலவுக் கணக்காக மட்டும் பேசப்படுவதில்லை. சந்தை மாறும்போதும் சட்டம் மாறும்போதும் வங்கி உடனே திசை திரும்ப அது உதவுமா என்பதே அங்கு எழும் கேள்வி.

அந்தத் திறனை, வியூக விரைவுத்திறனை, முறையாக ஆராய்ந்தவர்களில் ஈவ் டோஸ், மிக்கோ கோசொனன் இருவரும் முக்கியமானவர்கள். 2008இல் வெளிவந்த நூலில் அவர்கள் அதை மூன்று கூறுகளாகப் பிரித்தார்கள்: வரப்போகும் மாற்றத்தை முன்னதாக உணர்தல், தலைமையில் இருப்பவர்கள் ஒரே மனதாக முடிவெடுத்தல், பணத்தையும் ஆளையும் கருவியையும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தயங்காமல் நகர்த்துதல். கோசொனன் நோக்கியாவின் உயர் நிர்வாகத்தில் இருந்தவர். அவர்களுடைய ஆய்வில் நோக்கியாவுக்குப் பெரிய இடம் உண்டு. அதே நோக்கியா அடுத்த சில ஆண்டுகளில் கைப்பேசிச் சந்தையை இழந்தது. அதன் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வேலையின்றி வெளியே வந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விரைவுத்திறன் ஒரு முறை சம்பாதித்து வைத்துக்கொள்ளும் சொத்து அல்ல.

இந்த மூன்று கூறுகளில் கிளவுட் நேரடியாகத் தருவது மூன்றாவதை மட்டும்தான். அதிலும் கருவியை மட்டும்தான். மற்றவற்றை விற்பனையாளர் எவரும் விற்க முடியாது. கிளவுடுக்குப் போன வங்கிகளின் வெற்றியையும் தோல்வியையும் வரிசையாகப் பார்த்தால் இந்த ஒன்றே திரும்பத் திரும்பத் தெரிகிறது.

முதலில், அது தரும் பயன் சிறியது அல்ல. 1984இலும் 1989இலும் சி. ரங்கராஜன் தலைமையிலான குழுக்கள் இந்திய வங்கிகளைக் கணினிமயமாக்க வழி வகுத்தபோது, வேலை போய்விடும் என்று அஞ்சிய ஊழியர் சங்கங்களோடு நெடிய பேச்சுவார்த்தை நடந்தது. கிளைக்குக் கிளை தனித்தனிக் கணினி என்ற நிலை மாறி, எல்லாக் கணக்கும் ஒரே மையத்தில் சேரும் கோர் பேங்கிங் 2000களில் பரவியது. ஃபினக்கிள், பேன்க்ஸ் போன்ற மென்பொருள்கள் அந்தக் காலத்தின் சாதனைகள். ஆனால் அவை கிளை நேரத்தையும், இரவில் நடக்கும் ‘டே எண்ட்’ வேலையையும் மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. பகலில் வரவு, செலவு. இரவில் வட்டிக் கணக்கு.

2016இல் யுபிஐ வந்தது. முதல் நிதியாண்டான 2016–17 முழுவதும் சேர்த்து 2 கோடிக்கும் குறைவான பரிமாற்றங்கள். 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடியைத் தாண்டியது. 2025 ஆகஸ்டில் 2,000 கோடியைத் தாண்டியது. டீக்கடையில் கொடுக்கும் பதினைந்து ரூபாயும் இரண்டு வங்கிகளின் கோர் பேங்கிங்கைத் தட்டி எழுப்பித்தான் போகிறது. மாதத் தொடக்கத்திலும் தீபாவளிக்கு முந்தைய வாரத்திலும் வரும் நெரிசல் சாதாரண நாளில் இருக்காது. அந்த உச்ச நெரிசலுக்கு ஏற்ப சர்வர் வாங்கிப் போட்டால் ஆண்டின் பெரும்பகுதி அது சும்மா கிடக்கும்; வாங்காவிட்டால் நெரிசல் நாளில் பணம் நடுவழியில் சிக்கும். அதிலும் அரசு வங்கி என்றால் டெண்டர், ஒப்பீடு, ஒப்புதல் எல்லாம் முடிந்து இயந்திரம் வந்து சேர மாதங்கள் ஆகும். கல்யாணத்துக்குப் பந்தி பாத்திரத்தை வாடகைக்கு எடுப்பதுபோல, தேவையான நாளில் கணினித் திறனைக் கூட்டிக்கொண்டு மறுநாள் விட்டுவிட முடிவது இங்கே மெய்யான விடுதலை. எடுத்த அளவுக்கே கட்டணம்.

ஆனால் எல்லாவற்றையும் இயந்திரத்தைக் கூட்டித் தீர்க்க வேண்டியதும் இல்லை. 2022 செப்டம்பரில் தேசியப் பணப் பரிமாற்றக் கழகம் கொண்டுவந்த யுபிஐ லைட்டை நினைத்துப் பாருங்கள். சிறு தொகையை முன்கூட்டியே கைப்பேசியில் ஒதுக்கிவைத்து, ஒவ்வொரு சிறு செலவுக்கும் அனுப்புபவர் வங்கியின் கோர் பேங்கிங்கைத் தொடாமலே பணம் போகச் செய்தார்கள். சுமையைச் சுமக்க ஆள் சேர்க்கவில்லை, சுமையையே குறைத்தார்கள். என் பார்வையில் கிளவுடுக்குப் போவதாக அறிவித்த பல திட்டங்களைவிட இது சிறந்த வியூகச் சிந்தனை.

இன்னொரு சோதனையும் நினைவில் வைக்கத்தக்கது. கொரோனா காலத்தில் கடன் தவணைகளை ஆறு மாதம் ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி இடமளித்தது. வட்டிக்கு வட்டி போடுவது நியாயமா என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 அக்டோபர் 23 அன்று மத்திய அரசு ஒரு திட்டம் அறிவித்தது: 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு, அந்த ஆறு மாதக் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கடன் வாங்கியவர் கணக்கில் நவம்பர் 5க்குள் வரவு வைக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கும் குறைவான அவகாசம். வீட்டுக் கடன், கல்விக் கடன், வாகனக் கடன், கிரெடிட் கார்டு பாக்கி என ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. இங்கே கணினித் திறன் போதவில்லை என்பது பாதிச் சிக்கல்தான். வட்டி கணக்கிடும் விதி பழைய மென்பொருளின் எந்த மூலையில் எழுதப்பட்டிருக்கிறது, அதைத் தொட்டால் வேறு எது உடையும் என்று தெரிந்தவர் எத்தனை பேர் என்பதே மீதிப் பாதி. அந்தப் பழைய மென்பொருளை அப்படியே தூக்கிக் கொண்டுபோய் வாடகை இயந்திரத்தில் வைத்தால், பழைய விறைப்பும் கூடவே போகும். மாதக் கட்டணமும் சேர்ந்துகொள்ளும்.

மூன்று கூறுகளும் ஒருங்கே அமைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உக்ரைன் சாட்சி. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படையெடுப்பு தொடங்கியது. டேட்டா சென்டர்கள் குண்டுவீச்சின் எல்லைக்குள் இருந்தன. வங்கிகள் தங்கள் தரவை வெளிநாட்டுக் கிளவுடுக்கு மாற்ற அந்நாட்டு மத்திய வங்கி அனுமதி தந்தது. நாட்டின் மிகப் பெரிய வங்கியான பிரைவட்பேங்க், 3,500 சர்வர்களில் இருந்த 270 செயலிகளையும் 4 பெட்டாபைட் தரவையும் 45 நாளுக்குள் அமேசான் கிளவுடுக்கு மாற்றியது. அமைதிக் காலத்தில் இதற்கு ஆண்டுக்கணக்கில் திட்டமிட்டிருப்பார்கள். இயந்திரம் உலகில் எங்கோ தயாராக இருந்தது உண்மைதான். ஆனால் ஆபத்தை உணர்ந்த ஒழுங்காற்று அமைப்பு, தள்ளிப்போடாத தலைமை, இரவு பகலாக உழைத்த பொறியாளர்கள் ஆகியோர் இல்லாவிட்டால் அந்த இயந்திரம் பயன்பட்டிருக்காது.

இதன் மறுபக்கம் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன். தன் டேட்டா சென்டர்களை ஒவ்வொன்றாக மூடி, முழுவதும் அமேசான் கிளவுடுக்குப் போன வங்கி அது. 2019இல், தவறாக அமைக்கப்பட்ட ஒரு ஃபயர்வால் வழியாக அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் விவரங்கள் களவாடப்பட்டன. 2020இல் வங்கிகளுக்கான அமெரிக்கக் கண்காணிப்பு அலுவலகம் 8 கோடி டாலர் அபராதம் விதித்தது. அபராதத்துக்கான காரணம் கூர்ந்து படிக்க வேண்டியது: கிளவுடுக்கு மாறும் முன் அபாயத்தை முறையாக மதிப்பிடவில்லை. கிளவுட் நிறுவனத்தின் கதவு உடைக்கப்படவில்லை. வாடகைக்கு வந்தவர் தன் அறையைப் பூட்டவில்லை. கேப்பிட்டல் ஒன் அதன்பிறகும் பின்வாங்கவில்லை. மீதமிருந்த சொந்த டேட்டா சென்டர்களையும் 2020இல் மூடியது.

இதைச் சொல்லும்போது, சொந்த இடத்தில் வைத்தால் பாதுகாப்பு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் அமைப்பில் ஊடுருவிய இணையக் குற்றவாளிகள், ஸ்விஃப்ட் வழியாக வெளிநாடுகளுக்கு மூன்று போலிப் பரிமாற்றங்களைச் செய்தனர். மொத்தம் ஏறக்குறைய 20 லட்சம் டாலர். நூறாண்டு கண்ட, கவனமான வங்கி என்று பெயர் எடுத்ததற்கே இது நேர்ந்தது. உலகத்தரமான பாதுகாப்புப் பொறியாளர்களைத் தனியாக வைத்துக்கொள்ளும் வசதி நடுத்தர வங்கிகளுக்குக் குறைவு. அவற்றுக்குப் பெரிய கிளவுட் நிறுவனத்தின் காவல் ஒரு நன்மை என்பதில் ஐயமில்லை.

மாறும் முறையிலேயே மூழ்கியவர்களும் உண்டு. 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி, லாய்ட்ஸ் வங்கியின் அமைப்பிலிருந்து தன் ஸ்பானிய உரிமையாளரான சபாடெலின் தளத்துக்கு ஒரே வார இறுதியில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களை மாற்றியது. ஏறக்குறைய 19 லட்சம் பேர் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். இயல்புநிலை திரும்ப டிசம்பர் ஆனது. தலைமை நிர்வாகி பதவி விலகினார். 2022இல் 4.865 கோடி பவுண்டு அபராதம். அடுத்த ஆண்டு, தகவல் தொழில்நுட்பத் தலைவருக்கே தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு அபராதம்: சேவை வழங்கும் நிறுவனம் தயாராக இருக்கிறதா என்று அவர் போதிய அளவு உறுதி செய்துகொள்ளவில்லை. வேலையை வெளியே கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க முடியாது என்பதை ஒரு தனிமனிதரின் பெயரில் எழுதிய தீர்ப்பு அது.

சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியை மேலாண்மைக் கல்லூரிகள் முன்மாதிரியாகப் பாடம் நடத்தின. பழைய அமைப்புகளைக் கிளவுட் முறைக்கு மாற்றி, ஒரு தொழில்நுட்ப நிறுவனம்போல வங்கியை நடத்துவதாகப் புகழ்பெற்றது. நமக்கும் அது அந்நியமில்லை: 1926இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பரில் டிபிஎஸ்ஸின் இந்தியப் பிரிவோடு இணைக்கப்பட்டது. அப்படிப் புகழ்பெற்ற டிபிஎஸ் 2021 நவம்பரிலும், 2023இல் பல முறையும் முடங்கியது. 2023 அக்டோபர் 14 அன்று டேட்டா சென்டரின் குளிரூட்டும் அமைப்பு பழுதானது. அத்தகைய நேரத்துக்கென்றே வைத்திருந்த மாற்று மையம், வலையமைப்பைத் தவறாக அமைத்திருந்ததால் கைகொடுக்கவில்லை. பழுதான அதே டேட்டா சென்டரைப் பயன்படுத்திய சிட்டிபேங்கையும் சேர்த்து ஏறக்குறைய 25 லட்சம் பரிமாற்றங்கள் நிறைவேறவில்லை. சிங்கப்பூர் நாணய ஆணையம் டிபிஎஸ்ஸுக்கு ஆறு மாதம் ஓய்வு கொடுத்தது: அவசியமற்ற தொழில்நுட்ப மாற்றம் எதையும் செய்யக் கூடாது. விரைவுக்குப் பெயர்பெற்ற வங்கிக்கு ‘நில்’ என்ற ஆணை. தலைமை நிர்வாகியின் அந்த ஆண்டு ஊக்க ஊதியத்தில் 30 விழுக்காடு வெட்டப்பட்டது. அது நியாயமான தண்டனை என்றே நினைக்கிறேன். ஊழியர் தலையில் கட்டாமல் மேலே நிறுத்தினார்கள்.

இவை எல்லாம் ஒவ்வொரு வங்கியின் சிக்கல். பல வங்கிகள் ஒரே கூரையின் கீழ் போய்ச் சேர்வது வேறு வகைச் சிக்கல். 2025 அக்டோபர் 20 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அமேசான் கிளவுடின் ஒரு தரவுத்தளச் சேவையில், பெயரை முகவரியாக மாற்றித் தரும் தானியங்கி அமைப்பு பழுதானது. அதன் விளைவாக அட்லாண்டிக்குக்கு அப்பால் லாய்ட்ஸ், ஹாலிஃபாக்ஸ் வங்கி வாடிக்கையாளர்களால் தங்கள் செயலியைத் திறக்க முடியவில்லை. முன்பு ஒரு வங்கி விழுந்தால் இன்னொன்று நிற்கும். இப்போது ஒன்றோடொன்று தொடர்பில்லாத வங்கிகள் ஒரே நிமிடத்தில் விழலாம். இதைப் புரிந்துகொண்டுதான் ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 17 முதல் ‘டோரா’ சட்டத்தை நடைமுறைப்படுத்தி, முக்கியமான கிளவுட் நிறுவனங்களையே நிதித்துறைக் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி இரண்டு படிகளில் நகர்ந்தது. 2018 ஏப்ரலில், பணப் பரிமாற்றத் தரவு இந்தியாவுக்குள்ளேயே சேமிக்கப்பட வேண்டும் என்றது. இணங்கத் தாமதித்த மாஸ்டர்கார்டால் 2021 ஜூலை முதல் ஏறக்குறைய ஓராண்டு புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்க முடியவில்லை. அடுத்து, 2023 ஏப்ரல் 10 அன்று தகவல் தொழில்நுட்பப் பணிகளை வெளியே ஒப்படைப்பது குறித்த வழிகாட்டு ஆணை வந்தது. அக்டோபர் 1 முதல் நடைமுறை. கிளவுடுக்கு அதில் தனிப் பின்னிணைப்பு உண்டு. வங்கியும் ரிசர்வ் வங்கியும் கிளவுட் நிறுவனத்தைத் தணிக்கை செய்யும் உரிமை, வெளியே ஒப்படைத்த பணிக்கு இயக்குநர் குழுவும் உயர் நிர்வாகமுமே இறுதிப் பொறுப்பு, வெளியேறும் திட்டம் ஆகியவை அதன் மையம்.

வெளியேறும் திட்டம் என்பதை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்துச் சடங்காகவே பலரும் பார்க்கிறார்கள். எனக்கு அதுதான் முழு விவாதத்தின் அச்சு. வேண்டாதபோது வெளியே வர முடியாத வங்கி, உள்ளே எவ்வளவு வேகமாக ஓடினாலும் அதன் வியூகம் வேறொருவர் கையில் இருக்கிறது. கட்டணம் உயரலாம், அந்த நிறுவனத்தின் நாட்டோடு நம் உறவு கெடலாம். இது கற்பனை அல்ல. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை காரணமாக, ரஷ்யப் பங்குள்ள நயாரா எனர்ஜியின் மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. இந்தியாவில் இயங்கும் எண்ணெய் நிறுவனம், இந்தியச் சட்டத்துக்கு உட்பட்டது. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு, சில நாளில் சேவை திரும்பியது. அந்த இடத்தில் ஒரு வங்கி இருந்திருந்தால் சில நாள் என்பது மிக நீண்ட காலம்.

வெளியேறும் வழியைக் காகிதத்தில் வைக்காமல் கட்டியே வைத்தவர்களும் இருக்கிறார்கள். அமேசான் கிளவுடில் இயங்கும் பிரிட்டனின் மான்சோ வங்கி, கார்டு செலவு, இருப்புப் பார்த்தல் போன்ற அடிப்படைச் சேவைகளுக்காக மட்டும், வேறு மென்பொருளில் ஒரு சிறிய மாற்று வங்கியைக் கூகுள் கிளவுடில் எப்போதும் இயங்கும் நிலையில் வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கவில்லை, எது நின்றால் மனிதர் நடுத்தெருவில் நிற்பார் என்று யோசித்து அதை மட்டும் இரட்டிப்பாக்கினார்கள். ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியமான யூனிசூப்பரின் தனிக் கிளவுட் சந்தாவை 2024 மே மாதத்தில் கூகுள் கிளவுட் தவறுதலாக அழித்துவிட்டது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் சேவை நின்றது. வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த தனிப் பிரதி அவர்கள் மீள உதவியது. அந்தப் பிரதிக்கான கட்டணத்தை வீண் செலவு என்று ஒரு நிதி அதிகாரி வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெரிய வங்கிகளுக்குப் பேரம் பேசும் வலிமை உண்டு. எனக்குக் கவலை சிறிய வங்கிகளைப் பற்றியது. 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் என்ற சேவை நிறுவனம் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. தொற்று பரவாமல் இருக்கத் தேசியப் பணப் பரிமாற்றக் கழகம் அதைத் துண்டித்தது. அதை நம்பியிருந்த ஏறக்குறைய 300 கூட்டுறவு வங்கிகள், கிராம வங்கிகளின் வாடிக்கையாளர்களால் யுபிஐ மூலம் பணம் அனுப்ப முடியவில்லை. அந்த வங்கிகள் எந்தத் தவறும் செய்யவில்லை. அவற்றுக்கு இன்னொரு வழியும் இல்லை.

தமிழ்நாட்டில் 4,000க்கும் மேற்பட்ட தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இருக்கின்றன. விவசாயியின் பயிர்க்கடனும் ஏழைக் குடும்பத்தின் நகைக்கடனும் அங்கேதான். 2021இல் ஐந்து சவரன் வரையிலான கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடிக்காகச் சுமார் 48 லட்சம் கடன்களை ஆராய்ந்தபோது, 35 லட்சத்துக்கும் மேற்பட்டவை தகுதியற்றவை என்று பட்டியல் வந்தது. ஒரே குடும்பம், ஒரே நபர், பல சங்கங்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கவே மாதக்கணக்கில் ஆனது. தரவு ஓரிடத்தில் ஒரே வடிவில் இருந்திருந்தால் அரசு அறிவிக்கும் முன்பே அந்தக் கணக்கைப் பார்த்திருக்கலாம். காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றமும் மிஞ்சியிருக்காது. 2022 ஜூனில் மத்திய அரசு 2,516 கோடி ரூபாயில், நாடு முழுவதும் 63,000 சங்கங்களை ஒரே கிளவுட் மென்பொருளுக்குக் கொண்டுவர ஒப்புதல் அளித்தது. நபார்டு மேற்பார்வை. வங்கித்துறையில் கிளவுடின் மெய்யான பயன் இங்கேதான் பெரிது என்பது என் உறுதியான எண்ணம். சொந்த சர்வரும் பொறியாளரும் வைத்துக்கொள்ளவே முடியாத இடம் இது.

ஆகவே 2023 டிசம்பரில் ரிசர்வ் வங்கி அறிவித்த நிதித்துறைக் கிளவுட் முக்கியத்துவம் பெறுகிறது. ரிசர்வ் வங்கிக்கு முழுவதும் சொந்தமான இஃப்டாஸ் நிறுவனம் அதை அமைத்துத் தொடக்கத்தில் நடத்தும் என்றது அறிவிப்பு. பின்னர் நிதி நிறுவனங்களே பங்குதாரர்களாக உள்ள தனி அமைப்புக்கு அது மாறும் என்பது திட்டம். வெளிநாட்டுத் தடை பற்றிய அச்சத்துக்கு இது விடை. ஆனால் எல்லாச் சிறிய வங்கிகளும் இதே ஒன்றில் சேர்ந்தால் சி-எட்ஜில் நடந்தது இன்னும் பெரிய அளவில் நடக்கலாம். அதனால் தொடக்கத்திலேயே சில நிபந்தனைகள் தேவை. இதிலிருந்து வேறொரு கிளவுடுக்கு ஒரு வங்கி மாற எத்தனை நாள் ஆகும் என்பதை ஆண்டுதோறும் ஒத்திகை பார்த்து அறிவிக்க வேண்டும். சேவை நின்ற ஒவ்வொரு முறையும் காரணத்தைப் பொதுவில் வெளியிட வேண்டும். யுபிஐயில் தொழில்நுட்பக் காரணத்தால் தோற்கும் பரிமாற்றங்களின் விகிதம் வங்கிவாரியாக மாதந்தோறும் வெளியாகிறதே, அதே வெளிப்படைத்தன்மை இங்கும் வரட்டும். பங்குதாரர் அவையில் பெரிய வங்கிகள் மட்டும் உட்கார்ந்து கட்டணம் நிர்ணயிக்காமல், கூட்டுறவு வங்கிகளுக்கும் வாக்குரிமையோடு இடம் ஒதுக்க வேண்டும்.